பாரிஸ் சுவர்களை வாசித்த கலைஞர் பிராசாய்

பாரிஸ் மாநகரின் கோபுரங்களையும் பாலங்களையும் பூங்காக்களையும் படம்பிடித்தோர் பலர். எவரும் நின்று பாராத அதன் அழுக்குச் சுவர்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேடித் தேடிப் படம்பிடித்தவர் ஒருவர். அவர் இந்நாட்டிற் பிறந்தவரல்லர். எம்மைப் போலவே வேறொரு மண்ணிலிருந்து வந்து, இந்நகரில் வேரூன்ற நெடுங்காலம் உழைத்தவர். பிராசாய் என உலகம் அறிந்த அக்கலைஞரின் வாழ்க்கை, லாச்சப்பல் வீதிகளில் அன்றாடம் கூடிக் கலையும் எம்மவர்க்கு அந்நியமானதன்று.

1899 செப்ரெம்பர் 9 ஆம் நாள், திரான்சில்வேனியாவின் மலைகள் சூழ்ந்த பிராசோ என்னும் ஊரில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஜூலா ஹலாஸ். தந்தையார் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த ஆசிரியர். அவ்வூர் அப்போது ஹங்கேரிக்கு உரியதாயிருந்தது. முதலாம் உலகப் போரின் பின்னர், 1920 இல் செய்யப்பட்ட உடன்படிக்கையினால் அது ருமேனியாவின் வசமாயிற்று. போரில் குதிரைப்படை வீரராக நின்ற இளைஞர், தாம் பிறந்த வீடு வேறொரு நாட்டுக்குள் அடங்கிப்போனதைக் கண்டார்.

புடாபெஸ்டிலும் பேர்லினிலும் ஓவியம் பயின்ற பின், 1924 இல் அவர் பாரிஸ் வந்து சேர்ந்தார். மலிவான விடுதி அறைகளே அவரது இல்லங்களாயின. ஹங்கேரிய, ஜேர்மானியப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதி அவர் வயிறு வளர்த்தார். ஊரிலிருந்த பெற்றோருக்கு இடையறாது கடிதம் எழுதினார். கட்டுரைகளுக்குப் படங்கள் தேவைப்பட்டன. எனினும் புகைப்படத்தைக் கலையென அவர் ஆரம்பத்தில் மதிக்கவில்லை. ஹங்கேரியிலிருந்து வந்திருந்த மற்றொரு கலைஞரான ஆந்த்ரே கேர்த்தேசின் படங்களைக் கண்ட பின்னரே அவரது மனம் மாறியது.

இரவில் நடப்பது அவரது வழக்கமாயிருந்தது. கண்ணாடித் தகடுகள் பொருத்திய கமெராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு அவர் மூடுபனியிலும் மழையிலும் அலைந்தார். ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தைக் கொண்டே ஒளிபடும் கால அளவைக் கணித்தார் என்பர். 1932 இன் இறுதியில் வெளிவந்த 'இரவில் பாரிஸ்' என்னும் நூல் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. அதில் அவர் பொறித்த பெயர் பிராசாய். பிராசோ ஊரினர் என்பதே அதன் பொருள். நாவற்குழியூர் நடராசன் முதலாய எமது கவிஞர்கள் பிறந்த ஊரைப் பெயரோடு சேர்த்துக் கொண்டதை நாமறிவோம். பிராசாய் எல்லைகள் மாறிய ஊரையே தமது முழுப் பெயராக்கிக் கொண்டார்.

அக்காலத்திலேயே அவரது கண்கள் சுவர்களில் நிலைத்தன. பெல்வில், மெனில்மொந்தான் போன்ற தொழிலாளர் குடியிருப்புகளின் காரை உதிர்ந்த சுவர்களில், சிறுவர்களும் பெயரறியாதோரும் ஆணியாலும் கத்தியாலும் கீறிய உருவங்கள் கிடந்தன. அருகருகே இரு குழிகள் தோண்டினால் அவை கண்களாகிவிடும். கீழே ஒரு கோடு இழுத்தால் முகம் பிறந்துவிடும். அம்பு தைத்த இதயங்களும் மண்டையோடுகளும் விலங்குகளும் அங்கிருந்தன. வெடிப்பும் ஈரக்கறையும் கூட அவ்வுருவங்களுக்குத் துணைசெய்தன.

1933 இல் 'மினோத்தோர்' என்னும் கலையிதழில் இப்படங்கள் சிலவற்றை அவர் கட்டுரையுடன் வெளியிட்டார். ஆதிமனிதன் குகையில் வரைந்ததற்கும் தொழிற்சாலைச் சுவரில் சிறுவன் கீறியதற்கும் உள்ள உறவை அக்கட்டுரை ஆராய்ந்தது. அதே இதழில், பையில் கிடந்து சுருண்டுபோன பேருந்துச் சீட்டு, தேய்ந்த சவர்க்காரத் துண்டு ஆகியவற்றின் பெரிதாக்கப்பட்ட படங்களும் சிற்பங்கள் போன்று இடம்பெற்றன. அவை ஓவியர் சல்வடோர் டாலியுடன் இணைந்து உருவாக்கப்பட்டவை.

சுவர்களைப் படம்பிடித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. சிறு குறிப்பேடொன்றில் உருவத்தை வரைந்து, அது இருந்த இடத்தையும் குறித்துக்கொண்டார். ஆண்டுகள் கழித்து அதே சுவரைத் தேடிச் சென்று, கீறல்கள் எவ்வாறு ஆழ்ந்தன, சிதைந்தன என்று பார்த்தார். சில சுவர்கள் இடிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குச் சாட்சியாய் அவரது படங்களே எஞ்சின.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மானியர் பாரிசைக் கைப்பற்றியபோது, படம்பிடிப்பதற்கு அவர்களிடம் அனுமதி கேட்க அவர் மறுத்தார். அதனால் தொழில் முடங்கியது. அவர் மீண்டும் ஓவியத்திற்குத் திரும்பினார். பிக்காசோவின் சிற்பங்களையும் படமெடுத்தார். பிரெஞ்சுக் குடியுரிமை அவருக்குக் கிடைத்தது 1949 இல். வந்த நாளிலிருந்து 25 ஆண்டுகள்! கடதாசிக்காகக் காத்திருப்பதன் பாரத்தை அறிந்த எம்மவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. காத்திருந்த அக்காலத்திலேதான் அவரது சிறந்த படைப்புகளிற் பல பிறந்தன என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது.

1956 இல் நியூயோர்க் நவீன கலைக்கூடம் அவரது சுவர்ப் படங்களைக் கண்காட்சியாக வைத்தது. 1960 இல் ஜேர்மனியிலும், மறு ஆண்டு பிரான்சிலும் அவை நூலாக வெளிவந்தன. தெருவோரக் கீறல்கள் உலகக் கலைக்கூடத்தில் ஏறிவிட்டன.

1984 யூலையில் பிராசாய் காலமானார். மொன்பர்னாஸ் மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1983 யூலைக் கொடுமைகளின் பின்னர் எம்மக்கள் பெருந்தொகையாக ஐரோப்பாவை நோக்கி வந்துகொண்டிருந்த காலம் அது. லாச்சப்பலில் எம்மவர் கடைகள் பெருகியதையும், அவற்றின் கதவுகளிலும் சுவர்களிலும் தமிழ் எழுத்துகள் ஏறியதையும் பார்க்க அவர் இருக்கவில்லை. மரண அறிவித்தலின் மேல் இசைவிழாச் சுவரொட்டி, அதன் மேல் வாடகை அறைக்கான கையெழுத்துக் குறிப்பு எனப் படிந்து, கிழிந்து, மழையில் ஊறிக் கிடக்கும் அந்த அடுக்குகளை நாம் குப்பையென்றே கடந்து செல்கின்றோம். சுவரொட்டி ஒட்டலாகாது என 1881 யூலை 29 சட்டத்தை நினைவூட்டும் எச்சரிக்கை பாரிஸ் சுவர்கள் பலவற்றில் இன்றும் உண்டு. ஆயினும் இடமற்றவர்க்குச் சுவரே ஏடாகின்றது.

எமது வரலாற்றை எழுதப்போவோர் அரச ஆவணங்களில் எமது வழக்கு எண்களைக் காண்பர். யார் இறந்தார், யார் பாடினார், யார் படுக்க இடம் தேடினார் என்பதை அக்கடதாசிகளே சொல்லும். அவை ஒரு பருவ மழைக்கும் தாங்கா. புதிதாய் வந்தவனின் கண்ணுக்கு மட்டுமே தெரியும் பொருள்கள் ஒவ்வொரு நகரிலும் உண்டென்பதைப் பிராசாயின் வாழ்வு மெய்ப்பித்தது. இங்கு பிறந்து வளரும் எமது பிள்ளைகள் கையில் கமெராவுடன் வீதிக்கு இறங்கும்போது, அழகான இடத்தைப் படம்பிடி என்று மட்டும் சொல்லாதிருப்போம். எந்தத் தெரு, எந்த நாள் என்று பின்புறத்தில் குறித்து வைக்கவும் பழக்குவோம்.