ஓமந்தூரார் யார்? காந்தியடிகள் காவலர் விருதோடு என்ன தொடர்பு?

கள்ளச்சாராய ஒழிப்பில் சிறப்பாகச் செயல்பட்ட தமிழகப் போலீசாருக்குக் குடியரசு தினத்தன்று முதல்வர் வழங்குவது காந்தியடிகள் காவலர் விருது. காந்தி பேருக்கும் இந்த வேலைக்கும் முடிச்சுப் போட்டவர்களில் ஒருவர் மரக்காணம் பக்கத்து ஊர்க்காரர்தான்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1895-ல், மரக்காணம் உப்பளங்களுக்கு மேற்கே உள்ள ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். முதல்வருக்கு அப்போ அந்தப் பேர். 1948-ல் காந்தி பிறந்தநாளில், வரி வருமானம் போனாலும் பரவாயில்லை என்று மாகாணம் முழுக்க மதுவிலக்கு கொண்டுவந்தார். 1949-ல் பதவி போனது. பிறகு வடலூரில் வள்ளலார் வழியில் வாழ்ந்து 1970-ல் மறைந்தார். மறு ஆண்டே மதுவிலக்கு தளர்த்தப்பட்டது.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் 10-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. போலீசார் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்த விருது எதற்காக என்பது அவர் ஊர்ப்பக்கத்திலேயே இப்படிப் புரிந்தது.