துணிவும் கனிவும் உடைய சுவார்ட்ஸ் ஐயர்

தொண்டு என்றதும் கனிந்த முகமும் மென்மையான சொற்களும் நம் நினைவுக்கு வருகின்றன. துணிவு என்றதும் போர்க்களமும் வாளும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் ஒருங்கே அமையுமா என்று ஐயுறுவோர், நம் தஞ்சை மண்ணில் துயிலும் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வை அறிதல் நலம். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவரல்லர். லூத்தரன் சபைப் போதகர். பிரிந்துள்ள சகோதரரிடம் விளங்கும் நன்மையை மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருப்பதால், அவரைப் பற்றி நம் மலரில் எழுதுவது பொருத்தமே என்று கருதுகிறோம்.

1726ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டில் சொன்னன்பர்க் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் இருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். ஹாலே நகரில் பயிலும்போதே தமிழ் கற்கத் தொடங்கி, 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தாராம்! பல ஆண்டுகள் தமிழ் படித்தும் மேடையில் நாலு வார்த்தை பேசத் தடுமாறும் நாம் இதை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை. பின்னர் திருச்சியிலும், 1778 முதல் தஞ்சையிலும் வாழ்ந்தார். மணம் புரியவில்லை. நம் நாட்டு முறைப்படி சமைத்த சோறும் காய்கறியுமே அவருக்குப் போதுமான உணவாயிருந்தன.

1779இல் சென்னையிலிருந்த ஆங்கிலேயக் கும்பினியார், மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் சமாதானம் பேச அவரைத் தூது அனுப்பினர். கும்பினி அனுப்பும் மற்றவர்களை ஹைதர் நம்பவில்லை, இவரை நம்பினார். ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று, கும்பினியின் விரோதியாயிருந்த அரசரின் முன் அஞ்சாமல் பேசினார். வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயைக் கும்பினியாரிடமே ஒப்படைக்க முற்பட்டார். அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதை முதலாக வைத்தார். ஆனால் தூது பலிக்கவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது. கும்பினியின் பேராசைக்கு ஒரு நல்லவரின் பெயர் பயன்பட்டுவிட்டதோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எனினும் அந்தப் போரின் நடுவிலும் பாதிரியாருக்கு எத்தீங்கும் செய்யலாகாது என்று ஹைதர் தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

போரினால் சோழவள நாடு பாழாயிற்று. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் புகுந்தது. கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகளும் இருந்தன. ஆனால் எவரும் கொண்டுவர முன்வரவில்லை. முன்னர் அதிகாரிகள் நெல்லை எடுத்துக்கொண்டு பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசரின் சொல்லுக்கும் கும்பினியின் சொல்லுக்கும் அங்கே மதிப்பில்லை. கடைசியில் பாதிரியாரையாவது மக்கள் நம்புவார்களா என்று பார்க்கும்படி அரசரே சொல்லவேண்டியதாயிற்று. ஐயர் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். நெல்லுக்குரிய விலையைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், மாட்டை எதிரிகள் பிடித்துக்கொண்டால் அதற்கும் ஈடு தருவதாகவும் வாக்களித்தார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. உபதேசியாரும் மற்றக் கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குச் சென்று, 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் சேர்த்தார்கள். (12 மரக்கால் கொண்டது ஒரு கலம் என்று எங்கள் பாட்டிமார் இன்றும் கணக்குச் சொல்வார்கள்.) ஆபத்து நீங்கியபின், தம்மிடம் பிறர் ஒப்படைத்திருந்த பணத்தையும் சேர்த்து அனைவருக்கும் கொடுத்துத் தீர்த்து, சிறு வெகுமதியும் தந்து அனுப்பினார்.

இன்னொரு சமயம், வரிக்கொடுமை தாங்காமல் குடிகள் பல்லாயிரக்கணக்கில் தஞ்சை நாட்டை விட்டு ஓடிப்போனார்கள். வயல்கள் தரிசாயின. எங்களில் பலர் வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்களிலிருந்து பள்ளிக்கு வருபவர்கள். நடவுப் பருவம் தவறினால் அந்த ஆண்டுச் சோறு போயிற்று என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வாருங்கள் என்று அரசு அழைத்தபோது ஒருவரும் வரவில்லை. ஐயர் அழைத்தபோது ஒரே நாளில் 7,000 பேர் வந்தார்கள். பருவம் கடந்துகொண்டிருந்தபடியால் இரவும் பகலும் பாடுபட ஒப்புக்கொண்டார்கள்.

அவருடைய துணிவுக்கு உண்மையான சோதனை அரண்மனையில் ஏற்பட்டது. 1787இல் மன்னர் துளஜாஜி இறக்குமுன், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவர் சரபோஜியை ஐயரின் பொறுப்பில் விட விரும்பினார். அரண்மனைக்குள் ஒரு பாதிரியார் எவ்வாறு காவலராக இருக்க முடியும் என்று எண்ணி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் பிள்ளையை ஒப்படைக்குமாறு ஐயரே ஆலோசனை கூறினார். அது நல்ல எண்ணத்துடன் கூறியதே. ஆனால் அமர்சிங் அரியணை ஏறியபின் சரபோஜி வெளிச்சமில்லாத அறையில், படிப்பின்றி அடைபட்டுக் கிடந்தார். நமக்கேன் வம்பு என்று ஐயர் இருந்துவிடவில்லை. ஆளும் மன்னரின் பகையைப் பொருட்படுத்தாமல் சென்னைக்கு எழுதி எழுதி, 1793இல் சிறுவரையும் துளஜாஜியின் தேவியரையும் சென்னைக்கு அனுப்பிவைக்கச் செய்தார். சரபோஜி அங்கே கல்வி கற்றார். அந்தக் கல்வியின் பயனைச் சரஸ்வதி மகால் நூலகத்தில் நாம் இன்றும் காண்கிறோம்.

திருநெல்வேலியிலிருந்து ஐயர் அழைத்து வந்து படிக்கவைத்த வேதநாயகம் என்ற சிறுவரே, பிற்காலத்தில் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார்.

1798 பிப்ரவரி 13 அன்று ஐயர் காலமானார். சரபோஜி வந்து கடைசியாக முகம் பார்க்கும்வரை அடக்கம் தாமதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். சிவகங்கைப் பூங்காவில் உள்ள ஆலயத்தில், படுக்கையிலிருக்கும் ஐயரின் கையைச் சரபோஜி பற்றியிருப்பதாகப் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பி வடித்த சலவைக்கல் சிற்பத்தை இன்றும் காணலாம். மன்னர் கிறிஸ்தவராகவில்லை, ஐயரும் அவரை வற்புறுத்தவில்லை. இந்துவாகவே வாழ்ந்த அம்மன்னர், தம் ஆசானுக்காக ஆங்கிலத்தில் தாமே ஒரு இரங்கற்பா எழுதினார். கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உணவும் படிப்பும் கிடைக்க அறச்சாலை ஒன்றையும் ஏற்படுத்தினார்.