நாடக இசைச் செல்வர் கிட்டப்பா

தென்காசிக்கு மேற்கே, குற்றாலச் சாரல் தவழும் மலையடிவாரத்தில் செங்கோட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1956ஆம் ஆண்டில்தான் தமிழகத்தோடு இணைந்தது. அவ்வூரில் கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் என்னும் இருவருக்கும் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. இராமகிருஷ்ணன் என்று பெயரிட்டனர். வீட்டில் கிட்டன் என்று அழைத்தனர். அப்பெயரே பிற்காலத்தில் கிட்டப்பா என வளர்ந்து, நாடகக் கொட்டகைகளின் வாயில்தோறும் பெரிய எழுத்துக்களில் ஒட்டப்பெற்றது.

குடும்பத்தில் வறுமை மிகுந்திருந்தது. பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. அந்நாளில் நாடகத்தில் சேர்பவனைக் கூத்தாடி என்று இகழ்ந்து பேசுவது வழக்கம். அவ்விகழ்ச்சியைப் பொருட்படுத்தும் நிலையில் அக்குடும்பம் இல்லை. தமையன்மார் மேடை ஏறினர்; அவர்களைப் பின்பற்றிக் கிட்டப்பாவும், மற்றைச் சிறுவர்கள் பள்ளிக்குச் செல்லும் பருவத்திலேயே நாடகத்தில் நுழைந்தார். எழுத்தறிவு பெறுவதற்கு முன்பே பாட்டறிவு பெற்ற பிள்ளை என்று அவரைச் சொல்லலாம்.

தமிழ் நாடகத்திற்கு ஆசிரியராய் விளங்கிய சங்கரதாஸ் சுவாமிகள், சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் குழுவின் வாயிலாகச் சிறுவர் பலரைப் பயிற்றி வந்தார். கிட்டப்பா அக்குழுவில் இடம்பெற்றார். அக்காலத்து நாடகம் இரவு உணவுக்குப்பின் தொடங்கி விடியுமட்டும் நடைபெறும். உரையாடல் குறைவு, பாட்டு மிகுதி. ஒரு நாடகத்திற்குரிய பாடல்களையெல்லாம் சிறுவர்கள் நெட்டுருச் செய்தல் வேண்டும். ஆண்மக்களே பெண் வேடமும் பூண்டு நடித்த காலம் அது. இனிய குரலுடைய சிறுவனுக்கு அவ்வேடங்கள் எளிதில் வாய்த்தன. பின்னர் அவர், காட்சிகளின் சிறப்பால் புகழ்பெற்ற கன்னையா நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்குழுவின் தசாவதாரம் முதலிய நாடகங்களில் திரைச்சீலைகளையும் வண்ண ஒளிகளையும் காண வந்த மக்கள், நாளடைவில் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கவே வரலாயினர்.

அக்குரலின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு பாடுவோரின் சுருதியை அளவிடுவது நம் நாட்டு வழக்கம். கச்சேரி செய்யும் ஆண்பாடகர் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, மிஞ்சினால் இரண்டு கட்டை என்னும் அளவில் பாடுவர். கிட்டப்பாவோ ஐந்து கட்டை அளவிலான உயர்ந்த சுருதியில் பாடினார். அதனைத் தம் ஆதார சட்சமாகக் கொண்டு, அதற்கும் மேலே தாரத்தாயியில் நெடுநேரம் நின்று உலாவி வருவார். பிறர்க்கு எட்டாத முகட்டில் நின்றும் அவர் குரல் கீச்சிட்டதில்லை. அவசரமும் அதில் தோன்றியதில்லை.

அவ்வளவு உயர்ந்த சுருதி எதற்கு என்று மாணவர்கள் வினவலாம். நாடக மேடையில் ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையில் மேடைக்கு அருகே நாற்காலிகளில் அமர்ந்திருப்போர் சிலர்; அவர்களுக்குப் பின்னே பலகை வரிசைகளிலும் தரையிலும் நெருங்கியிருப்போர் மிகப் பலர். குறைந்த கட்டணம் கொடுத்துக் கடைசி வரிசையில் இருப்பவன் செவியில் பாட்டு விழவில்லையாயின், அவன் சும்மா இரான், சீழ்க்கை அடிப்பான். தாழ்ந்த குரல் கூட்டத்தின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். உயர்ந்த குரலோ அதனைக் கிழித்துக்கொண்டு செல்லும். ஆகவே நாடகப் பாடகர்க்கு உயர்ந்த சுருதி அலங்காரம் அன்று. பிழைப்பதற்கு உரிய கருவியாகவே இருந்தது. ஆயினும், அக்கருவியைக் கொண்டு கூச்சலிட்டவர் பலராக, இசை செய்தவர் கிட்டப்பா.

பெரும் வித்துவான் ஒருவரிடம் பல்லாண்டு குருகுல வாசம் செய்து கற்றவர் அல்லர் அவர். கேள்வியே அவருக்குப் பள்ளி, மேடையே பயிற்சிக்களம். ஒருமுறை கேட்ட இராகத்தைத் தம்முடையதாக்கிக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இயல்பிலேயே அமைந்திருந்தது. தியாகராச சுவாமிகளின் கீர்த்தனைகளையும் அவர் நாடக மேடையில் பாடினார். இலக்கணம் அறிந்த இசைவாணரும் கொட்டகைக்கு வந்து அமர்ந்து கேட்டனர்.

அவர்தம் ஆற்றல் முழுவதும் வெளிப்பட்ட இடம் விருத்தமே ஆகும். விருத்தம் என்னும் சொல்லை நாம் யாப்பிலக்கணத்தில் ஒரு பாவினத்தின் பெயராக அறிவோம். இசைமேடையில் அச்சொல் வேறொரு பொருளும் பெறும். தாளக்கட்டு இன்றி, செய்யுள் ஒன்றைத் தமக்கு வேண்டிய இராகத்தில், அப்போதைக்கு அப்போது உள்ளத்தில் தோன்றியவாறு விரித்துப் பாடுவதே விருத்தம் பாடுதல். செய்யுள் மட்டும் முன்னரே அமைந்தது. இசை அந்த நொடியில் பிறப்பது. எச்சொல்லில் நிற்பது, எச்சொல்லை இருமுறை மும்முறை எடுத்துச் சொல்வது, எந்த இடத்தில் இராகத்தை மாற்றுவது என்பனவெல்லாம் பாடுவோன் விருப்பம். நேற்றுப் பாடியதைப் போன்று இன்று பாடவேண்டுவதில்லை. பாட முயன்றாலும் இயலாது.

இவ்வாறு பாடுவதில் அச்சமும் உண்டு. எழுதிவைத்த மெட்டைப் பாடுபவன் வழி தவறினால் மெட்டே அவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். விருத்தம் பாடுபவனுக்கோ அத்தகைய துணை யாதும் இல்லை. ஆயிரக்கணக்கான மக்கள் எதிரே இருக்க, அடுத்த அடி எங்கே வைப்பது என்பதை அவனே காணுதல் வேண்டும். மேடையின் ஒருபுறம் ஆர்மோனியத்துடன் அமர்ந்திருப்பவர், அவன் எங்குச் செல்வான் என்று முன்னறியாமலே அவனைத் தொடர்ந்து செல்ல வேண்டும். கிட்டப்பாவுக்கு அத்தொண்டினைச் செய்தவர் அவர் தமையனார் காசி ஐயர். உடன்பிறந்தார் இருவரும் ஒரே மூச்சில் இயங்கியமையால், குரல் திரும்பிய பக்கமெல்லாம் விரலும் உடன் திரும்பிற்று.

விருத்தம் தொடங்குகையில் கொட்டகையில் சலசலப்பு இருக்கும். குழந்தைகள் அழும், வெற்றிலை மடிப்போரும் கதை பேசுவோரும் இருப்பர். முதலடி மெல்ல எழும். இரண்டாம் அடியில் முன்வரிசை அடங்கும். குரல் மேலே ஏற ஏற, அமைதி பின்வரிசையை நோக்கிப் பரவும். உச்சியில் ஒரு சுரத்தில் அவர் நிற்கும்போது கூட்டமும் மூச்சை அடக்கி நிற்கும். அவர் இறங்கி அடியை முடித்தவுடன், அடக்கிய மூச்செல்லாம் ஆரவாரமாக வெளிப்படும். மறுமுறை பாடுக என்று நாற்புறமும் குரல் எழும். நாடகத்தின் கதை அப்படியே நிற்க, பாட்டு மீண்டும் நிகழும். நாடக இலக்கணம் வகுப்போர் இதனைக் குற்றம் என்பர். அரசன் இறந்து கிடக்கும் காட்சியில் அவனே எழுந்து இருமுறை பாடுவது போன்ற நிகழ்ச்சிகள் அந்நாளைய மேடையில் உண்டு என்பதால், அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆனால் அம்மக்கள் வந்தது பாட்டிற்காகவே. இரண்டாம் முறை பாடும்போது பாட்டு வேறாக மலர்வதையும் அவர்கள் அறிந்திருந்தனர். கூட்டத்தின் உருக்கம் பாடுவோனைச் சென்று சேர, அவன் முன்னினும் உருகிப் பாட, கொடுப்பவர் யார், கொள்பவர் யார் என்று பிரித்தறிய இயலாத நிலை அங்கே உண்டாயிற்று.

மற்றொன்றும் கூற விரும்புகிறேன். கிட்டப்பா பாட்டில் சொல் சிதையவில்லை. இராகத்தின் வேகத்தில் சொல்லை உடைத்துப் பொருளைக் கெடுப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அத்தகையோர் பாட்டில் செவி இன்புறலாம். நெஞ்சம் உருகுவதற்கு இடமில்லை. கிட்டப்பா எத்துணை விரைந்த பிருகாக்களை உதிர்த்தாலும், சொல்லைச் சொல்லாகவே நிறுத்தினார். கல்லாத உழவனும் கண்ணீர் விட்டதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

1926ஆம் ஆண்டளவில் இலங்கைத் தலைநகரான கொழும்பில் அவர் நாடகங்களில் நடிக்கச் சென்றார். கொடுமுடியைச் சேர்ந்த சுந்தராம்பாள் என்னும் இளம்பெண் அதற்கு முன்பே அங்கு நடித்துப் பெரும்புகழ் பெற்றிருந்தார். அவர் 1908ஆம் ஆண்டில் பிறந்தவர், சிறு வயதில் இரயில் வண்டியில் பாடி வறுமையோடு போராடியவர், கணீரென்ற குரலினர். இருவரும் ஒரே மேடையில் தோன்றப் போகின்றனர் என்றதும் எங்கும் பரபரப்பு மூண்டது. ஒருவர்க்கொருவர் ஈடுகொடுக்க இயலுமோ என்று ஐயுற்றோரும் இருந்தனர். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம் நடைபெற்றது. வேலன் கிட்டப்பா, வள்ளி சுந்தராம்பாள்.

வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சி முதன்மையானது. வேடனாக வந்த வேலன் மானைத் தேடி வருவதுபோல நடித்து வள்ளியிடம் வாதிடுவான். அவளும் விட்டுக்கொடாமல் விடை கூறுவாள். அவ்வாதம் பாட்டாகவே நிகழும். பாட்டின் வரம்பைக் கடந்து, நடிப்போர் தம் புலமைக்கு ஏற்ப அங்கேயே புனைந்தும் பாடுவர். ஒருவர் எந்த இராகத்தில் கேட்டாரோ அதே இராகத்தில் மற்றவர் விடையிறுக்க வேண்டும். அவர் ஏறிய உயரத்திற்கு இவரும் ஏற வேண்டும். தோற்பவர் யார் என்று அறியக் கூட்டம் காத்திருக்கும். கிட்டப்பாவுக்கு நிகராகத் தயங்காமல் பாடினார் சுந்தராம்பாள். போட்டியாகத் தொடங்கியது பின்னர் ஒருவரையொருவர் வியக்கும் இசையாக முடிந்தது. கதையில் வேலன் வள்ளியை வென்றான். மேடையில் வெற்றி இருவர்க்கும் உரியதாயிற்று.

கிட்டப்பா 1924ஆம் ஆண்டிலேயே மணம் புரிந்தவர். ஆயினும் சுந்தராம்பாளையும் 1927ஆம் ஆண்டில் மணந்தார். இருவரும் தமக்கெனக் கானசபை என்னும் நாடகக் குழுவை அமைத்துத் தமிழ்நாடெங்கும் நடித்தனர். விடுதலை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டு கதர் உடுத்தார் கிட்டப்பா. நாடகங்களின் இடையே தேசியப் பாடல்களைப் பாடுவது அக்காலத்து மேடையின் வழக்கம். புராண வேடம் பூண்ட நடிகர் நாட்டுரிமையைப் பாட, கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. அரசாங்கத்தார் அஞ்சியதும் அவ்வாரவாரத்தையே.

புகழ் பெருகப் பெருக ஓய்வு அருகிற்று. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர்; இரவெல்லாம் உச்சக் குரலில் பாட்டு; பகலில் வண்டிப் பயணம். மறுமுறை பாடுக என்று கேட்ட மக்களுக்கு இல்லை என்று சொல்ல அவர் கற்கவில்லை. அவர்கள் அன்பினால் கேட்டனர். அவரும் அன்பினால் கொடுத்தார். உடலோ இரண்டையும் தாங்க வேண்டியதாயிற்று. குடும்ப வாழ்விலும் மன வேறுபாடு தோன்றி, கணவனும் மனைவியும் சில காலம் பிரிந்திருந்தனர். நோய் முற்றி, 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27. பிற பாடகர்கள் தம் குரல் பக்குவம் அடைந்துவிட்டது என்று எண்ணத் தொடங்கும் வயது அது.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்று முதல் அவர் வெள்ளாடையே உடுத்தார். ஆண் நடிகரோடு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இரண்டாண்டுகளுக்குப்பின் நந்தனார் திரைப்படத்தில் அவரை நடிப்பிக்க விரும்பியோர், அந்நாளில் எவரும் கேட்டிராத ஓர் இலட்சம் ரூபாயை ஊதியமாகத் தந்தனர். நந்தனாராக ஆண் வேடம் பூண்டே அவர் அப்படத்தில் தோன்றினார். பின்னர் ஔவையாராக நடித்து நாட்டு மக்கள் உள்ளத்தில் நிலைபெற்று, 1980ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

கிட்டப்பாவின் நாடகங்களில் ஒன்றேனும் படமாகவோ முழு ஒலிப்பதிவாகவோ இன்று நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியிருப்பன இசைத்தட்டுகளே. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட பாட்டே அடங்கும். கொட்டகையில் கால் மணி, அரை மணி என விரிந்த விருத்தத்தை அவ்வெல்லைக்குள் சுருக்க வேண்டியிருந்தது. மேலும் ஒலிப்பதிவு அறையில் மக்கள் இல்லை. மூச்சடக்கிக் கேட்கும் கடைசி வரிசையும் இல்லை. அவ்வாறிருந்தும் வள்ளலாரின் திருவருட்பாப் பாடல் ஒன்றை அவர் விருத்தமாகப் பாடிய தட்டினைக் கேட்போர், அக்குரலின் ஒளியை ஓரளவு உணர்வர். அவர் மறைந்து 12 ஆண்டுகள் கழித்து, 1945இல் வெளிவந்த ஸ்ரீவள்ளி என்னும் படத்தில் டி. ஆர். மகாலிங்கம் என்னும் இளைஞர் வேலனாக உயர்ந்த சுருதியில் பாடியபோது, கொட்டகையில் இருந்த முதியோர் பலர் கிட்டப்பாவை நினைந்தனர்.