பாறையைப் படித்த ஜேம்ஸ் ஹட்டன்

நிலவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் ஹட்டன், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1726ஆம் ஆண்டு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மருத்துவம் பயின்று 1749இல் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். எனினும் அத்தொழிலை மேற்கொள்ளவில்லை. தந்தைவழி வந்த நிலத்தில் உழவராக வாழத் தொடங்கினார்.

அந்நிலமே அவருக்கு ஆசானாயிற்று. மழைநீர் மண்ணை அரித்து ஆற்றிலும், ஆறு அதனைக் கடலிலும் சேர்ப்பதை ஆண்டுதோறும் கண்டார். இவ்வாறே கரைந்துகொண்டிருந்தால் நிலம் என்றோ மறைந்திருக்க வேண்டும்; மறையவில்லையெனின் புதுநிலம் தோன்றிக்கொண்டே இருத்தல் வேண்டும் எனச் சிந்தித்தார். கடலடியில் படியும் மண் பூமியின் உள்வெப்பத்தால் இறுகிப் பாறையாகிறது. அவ்வெப்பமே அதனை உயர்த்தி நிலமாக்குகிறது. உயர்ந்த நிலம் மீண்டும் அரிபடுகிறது. இதுவே அவர் கண்ட முடிவு. பூமியின் வயது ஏறத்தாழ 6000 ஆண்டுகளே என ஐரோப்பியர் பலர் நம்பிய காலம் அது.

எடின்பரோவுக்குத் திரும்பிய ஹட்டன், ஜோசப் பிளாக், ஆடம் ஸ்மித் ஆகியோருடன் வாரந்தோறும் கூடி உரையாடும் கழகம் ஒன்றைக் கண்டார். 1785இல் எடின்பரோ அரச கழகத்தில் அவரது கொள்கை அரங்கேறியது. அவர் நோயுற்றிருந்தமையால் முதற்பகுதியைப் பிளாக் படித்தார்.

கண்கூடான சான்று 1788இல் கிட்டியது. ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் என்னும் நண்பர்களுடன் படகில் கிழக்குக் கடற்கரையின் சிக்கர் முனையை அடைந்தார். அங்கே சாம்பல்நிறப் பாறையடுக்குகள் ஏறத்தாழச் செங்குத்தாக நின்றன. அவற்றின் தேய்ந்த முனைகள்மேல் செந்நிற மணற்கல் அடுக்குகள் சற்றே சாய்ந்து கிடந்தன. நீரடியில் மண் கிடையாகவே படியும். ஆகவே கீழடுக்குகள் படிந்து, இறுகி, மடிந்து நிமிர்ந்து, உயர்ந்து, தேய்ந்த பின்னரே மேலடுக்குகள் படிந்திருத்தல் வேண்டும். இடைப்பட்ட காலம் 6 கோடி ஆண்டுகளுக்கும் மேலானது எனப் பிற்கால ஆய்வு காட்டியது.

1795இல் ஹட்டன் தம் கொள்கையை இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஆயின் அவர் கண்ணுக்கு எட்டியது அவர் நடைக்கு எட்டவில்லை. சிக்குண்ட நெடுந்தொடர்களும், பிரெஞ்சு நூல்களிலிருந்து எடுத்தாண்ட நீண்ட பகுதிகளும் படிப்போரைத் தடுத்தன. 1797இல் அவர் மறைந்தபோது அந்நூலை முற்றப் படித்தோர் சிலரே.

அக்கொள்கை அவருடன் மறையாமற் காத்தவர்கள் நண்பர்களே. கணிதப் பேராசிரியரான பிளேஃபேர், 1802இல் அதனைத் தெளிந்த இனிய நடையில் விளக்கி நூல் எழுதினார். ஹால், துணிகளை அடுக்கிப் பக்கவாட்டில் நெருக்கிப் பாறைகள் மடியும் விதத்தைச் செய்துகாட்டினார். சிக்கர் முனையின் அடுக்குகளை மடித்த நெருக்கம், பழங்கடல் ஒன்று மூடி நிலப்பரப்புகள் நெருங்கியதால் விளைந்தது என்பதை 20ஆம் நூற்றாண்டின் புவித்தட்டுக் கொள்கை தெளிவாக்கியது.

ஹட்டனின் நூலை இன்றும் படிப்போர் அரியர். பிளேஃபேரின் தெளிவான நடை வழியாகவே அவர் கண்ட உண்மை உலகை அடைந்தது.