விளக்கும் வரைபடமும்

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் யார்? இரவு வேளையில் கையில் விளக்கேந்தி, காயமுற்ற வீரர்களின் படுக்கைகளுக்கிடையே நடந்து செல்லும் அந்த உருவம் நாம் சிறு வயது முதலே அறிந்ததுதான். ஆனால் தோழியரே, அம்மையார் அந்த விளக்கைப் பிடித்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே! பேனாவைப் பிடித்ததோ அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அந்தப் பேனாவின் கதையையே இங்கு நாம் சொல்ல விரும்புகிறோம்.

இத்தாலி நாட்டின் ஃபிளாரன்ஸ் நகரில் 1820 மே 12 அன்று, செல்வம் நிறைந்த ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஊரின் பெயரே குழந்தைக்கும் இடப்பட்டது. தந்தையார் தம் இரு பெண்களுக்கும் இலத்தீன், கிரேக்கம், வரலாறு ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். ஆனால் மகள் கணக்கை ஆழ்ந்து கற்க வேண்டுமென்று கேட்டபோது தாயார் இசையவில்லை. மணமாகி வீட்டை ஆளப்போகும் பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்பது அவர் எண்ணம். (இக்கேள்வி இன்றும் சில வீடுகளில் எழுவதை நாம் அறிவோமல்லவா?) மகளோ விடவில்லை. பொழுது விடியுமுன் எழுந்து, மருத்துவமனைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்து வந்தார். தாதியாகப் பணிபுரிய வீட்டார் இணங்குவதற்குள் ஆண்டுகள் பல ஓடின. 1851-ல்தான் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதம் பயிற்சி பெற முடிந்தது.

1854-ல் கிரிமியப் போர் மூண்டிருந்த வேளையில், துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு 38 பெண்களுடன் புறப்பட்டார். அவர்களில் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். பெர்மாண்ட்சி மடத்தின் தலைவியான அன்னை மேரி கிளேர் மூர், அங்கு அவருக்கு வலக்கரமாக விளங்கி, பின்னர் இறுதிவரை உயிர்த்தோழியாகவும் இருந்தார். சமயப் பிரிவினை பெரிதாகப் பேசப்பட்ட அக்காலத்தில் இந்த நட்பு அரியது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஸ்கூட்டாரியில் நடந்தது என்ன? அம்மையார் சமையலறை அமைத்தார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், இரவும் பகலும் உழைத்தார். அப்படியிருந்தும் 1855 பிப்ரவரியில் அங்கு 100-க்கு 42 பேர் வீதம் மாண்டனர்! மார்ச்சு மாதம் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து, கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்தது. குடிநீர் வரும் வழியில் செத்துக் கிடந்த குதிரையையும் அகற்றியது. ஜூன் மாதத்தில் அந்த 42 என்பது 2 ஆகக் குறைந்தது.

போர் முடிந்து நாடு திரும்பியபின், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞருடன் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் முழு உண்மையும் தெரிந்தது. காயத்தால் இறந்தவர்களைப் போல் மும்மடங்குக்கும் மேற்பட்டோர் நோயால் இறந்திருந்தனர். போர்முனையிலிருந்த கூடார மருத்துவமனைகளைவிடத் தாம் இரவெல்லாம் விளக்கேந்தி நடந்த ஸ்கூட்டாரியிலேயே சாவு மிகுதி! நாடே தம்மைப் புகழ்ந்து கொண்டிருந்த நேரத்தில் இதை அறிந்த அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்? மறைத்திருந்தால் கேட்பார் யாருமில்லை. ஆயினும் அவர் அதை அச்சிட்டு வெளியிட்டார்.

அதுவும் எப்படி? அட்டவணைகளை அமைச்சர்கள் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆகவே ஒரு படம் வரைந்தார். ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் பன்னிரண்டு இதழ்கள் போல ஒரு நடுப்புள்ளியிலிருந்து விரிகின்றன. சாவு மிகுந்த மாதத்தின் இதழ் பெரியது. குறைந்த மாதத்தின் இதழ் சிறியது. காயத்தால் வந்த சாவுக்குச் சிவப்பு, பிற காரணங்களுக்குக் கறுப்பு, தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்கு நீலம். 1855 ஜனவரியின் நீல இதழ் மற்றவற்றையெல்லாம் விழுங்கிவிடும்போல் நிற்கிறது. எழுத்தறியாத ஒருவர்கூட ஒரு பார்வையில் புரிந்து கொள்வார். கணக்கு நோட்டில் நாம் முகம் சுளித்துக்கொண்டே வரையும் வட்ட விளக்கப்படத்துக்கு இது நெருங்கிய உறவு! லண்டன் புள்ளியியல் கழகம் 1858-ல் அவரை உறுப்பினராக ஏற்றது. அங்கு இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே.

1860-ல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். உடல்நலம் குன்றி, பெரும்பாலும் அறையிலேயே கிடந்தபடி உழைத்தார். இந்தியாவுக்கு அவர் ஒரு முறைகூட வந்ததில்லை. எனினும் இங்குள்ள படைமுகாம்களுக்கெல்லாம் வினாத்தாள்கள் அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டார். 1863-ல் வெளியான அந்த அறிக்கை இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டியது. ஆண்டுக்கு 1000-க்கு 69 ஆக இருந்த ஆங்கிலப் படைவீரரின் இறப்பு பத்தாண்டுகளில் 18 ஆகக் குறைந்தது. குடிமக்களையும் அவர் மறக்கவில்லை. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் வாடியபோது, பாசன வாய்க்கால்கள் வேண்டுமென்று ஓயாமல் எழுதினார்.

பள்ளிக்கூடங்களையும் அவர் கணக்கு விடவில்லை. இலங்கை முதலிய குடியேற்ற நாடுகளின் பள்ளிகளிலிருந்து விவரம் திரட்டி, காற்றோட்டமில்லாத அறைகளில் பிள்ளைகளை அடைத்து வைப்பதைக் கண்டித்தார். 1891-ல் எழுபது வயதில் அறிஞர் கால்ட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வியளிக்கும் சட்டம் வந்து இருபது ஆண்டுகளாயிற்றே, பள்ளியைவிட்டுப் போனபின் படித்ததை முற்றும் மறந்துவிடுவோர் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்பது அவர் கேள்வி. இத்தகைய ஆராய்ச்சிக்காக ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்த விரும்பினார். அது கைகூடவில்லை. அவர் தொட்ட காரியங்களில் இது ஒன்றே பாதியில் நின்றதோ என்று நாம் வருந்துகிறோம். ஏனெனில் அந்தக் கேள்வி நம்மைப் பற்றியது!

1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெண்களில் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. அப்போது அவர் பார்வையை இழந்திருந்தார். 1910 ஆகஸ்டு 13 அன்று, தமது 90-ஆம் வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரின் கோவில் கல்லறையில் அவர் துயில்கிறார். கல்லில் அவர் முழுப்பெயர்கூட இல்லை. பெயரின் இரண்டு முதலெழுத்துக்களும், பிறப்பு இறப்பு விவரமும் மட்டுமே உள்ளன.