கதிரை அளந்த கிரே

துணியை மீட்டரில் அளக்கிறோம். அரிசியைக் கிலோவில் எடை போடுகிறோம். பாலை லிட்டரில் வாங்குகிறோம். புற்றுநோயைக் குணப்படுத்தத் தரும் கதிர்வீச்சை எந்த அலகில் அளக்கிறார்கள், தெரியுமா? அதன் பெயர், 'கிரே.' அது ஒரு விஞ்ஞானியின் பெயர். அவரது கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

லூயிஸ் ஹரால்டு கிரே, 1905ம் ஆண்டு நவம்பர் 10ம் தேதி லண்டனில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை, ஏழைக் குடும்பம். படிப்பில் கெட்டிக்காரரான கிரே, உதவித்தொகை பெற்று, 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்' என்ற இடத்தில் சேர்ந்தார். பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைத்து விடாதீர்கள். அது, ஏழைப் பிள்ளைகளுக்காக 1552ம் ஆண்டு தொடங்கப்பட்ட பள்ளிக்கூடம்! அங்கிருந்து, மீண்டும் உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜில் உள்ள டிரினிட்டி கல்லூரிக்குப் போனார்.

கேம்பிரிட்ஜில், புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்தார். அப்போது அதன் தலைவராக இருந்தவர், ரூதர்போர்டு. நியூட்ரானை 1932ம் ஆண்டு கண்டுபிடித்த சாட்விக்கும் அங்கேதான் பணியாற்றினார். இயற்பியல் படித்த எவரும் விட்டுப் போக விரும்பாத இடம் அது. ஆனால், 1933ம் ஆண்டு, கிரே அதை விட்டு, லண்டன் அருகே உள்ள மவுன்ட் வெர்னான் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார்.

அங்கே, புற்றுநோயாளிகளுக்கு எக்ஸ் கதிராலும், ரேடியத்தாலும் சிகிச்சை தந்தனர். கதிர் குறைந்தால், நோய் போகாது. கூடினால், நல்ல சதையும் வெந்து போகும். சாப்பாட்டில் உப்புப் போடுவது போல, அளவு சரியாக இருக்க வேண்டும். ஆனால், உடல் எவ்வளவு கதிர் ஆற்றலை வாங்கிக் கொண்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. 1 கிரே கதிர்வீச்சு, தண்ணீரின் சூட்டை 0.00024 டிகிரி செல்சியஸ்தான் உயர்த்தும். ஆனால், 4 அல்லது 5 கிரே, உடல் முழுவதும் ஒரே நேரத்தில் பட்டால், உயிருக்கே ஆபத்து!

கிரே ஒரு வழி கண்டார். கதிர் ஒரு பொருளுக்குள் புகும்போது, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து ஓடும். அவை ஓடும் வழியெல்லாம் ஆற்றலைக் கொடுத்துக் கொண்டே போகும். அந்தப் பொருளுக்குள், காற்று நிரம்பிய ஒரு குட்டிப் பொந்து வைக்க வேண்டும். எலக்ட்ரான்கள் அதைக் கடக்கும்போது, காற்றில் மின்னூட்டம் உண்டாகும். அதை அளந்தால், சுற்றியுள்ள பொருள் எவ்வளவு ஆற்றலை உறிஞ்சியது என்று கணக்கிட்டு விடலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொந்து மிகவும் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால், எலக்ட்ரான்களின் ஓட்டமே மாறி, கணக்கு தவறிவிடும்.

இதே எண்ணம், பிராக் என்ற மூத்த விஞ்ஞானிக்கும் முன்பே தோன்றியிருந்தது. அதனால், 'பிராக் – கிரே கோட்பாடு' என்று இருவர் பெயராலும் அழைக்கின்றனர்.

கிரே அத்துடன் நிற்கவில்லை. இயற்பியல் படித்த அவர், உயிரியலையும் தாமே கற்றுக் கொண்டார். நம் ஊர் மொச்சை போன்ற ஒரு பயற்றை முளைக்க வைத்து, அதன் வேரில் கதிரைச் செலுத்தி, வளர்ச்சி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். பிராணவாயு குறைவாக உள்ள புற்றுநோய் செல்கள் கதிருக்கு எளிதில் சாவதில்லை என்பதை, 1953ம் ஆண்டு அவரும், அவருடைய சக விஞ்ஞானிகளும் விளக்கினர்.

கிரே, 1965ம் ஆண்டு ஜூலை 9ம் தேதி, தம் 59வது வயதில் காலமானார். 1975ம் ஆண்டு, கதிர்வீச்சு அளவின் சர்வதேச அலகுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 1 கிலோ எடையுள்ள பொருள், 1 ஜூல் ஆற்றலை உறிஞ்சினால், அது 1 கிரே.

அவர் சொன்ன 'சிறிய பொந்து' பாடம், அவருக்குப் பின் இன்னும் முக்கியமானது. சுவீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல், கத்தியில்லாமல், மெல்லிய கதிர்களால் மூளைக்குள் சிகிச்சை செய்யும் முறையை 1951ம் ஆண்டு அறிவித்தார். அதற்கான, 'காமா கத்தி' என்ற கருவி, 1968ம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. இந்தக் கதிர்களின் அகலம், சில மில்லிமீட்டர்தான்!

இங்கேதான் சிக்கல். சுவரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு டார்ச் வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதைச் சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள கருவியால் அளந்தால் என்ன ஆகும்? சுற்றியுள்ள இருட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து, வெளிச்சம் குறைவு என்று காட்டும். அதை நம்பி வெளிச்சத்தைக் கூட்டினால், நடுவில் அளவுக்கு மீறிப் போய்விடும்.

பிரான்சின் துலூஸ் நகரில், இப்படி நிஜமாகவே நடந்தது. சிறிய கதிரை அளக்கப் பெரிய கருவியைப் பயன்படுத்தியதால், 2006 ஏப்ரல் முதல் 2007 ஏப்ரல் வரை, 145 நோயாளிகளுக்குத் தேவைக்கு அதிகமான கதிர் செலுத்தப்பட்டது. இயந்திரம் பழுதாகவில்லை, அளந்த விதம்தான் தவறு. இத்தகைய சிறிய கதிர்களை எப்படி அளக்க வேண்டும் என்று, சர்வதேச அணுசக்தி முகமை, 2017ம் ஆண்டு தனி வழிமுறை வெளியிட்டது. மிகச் சிறிய வைரத் துண்டு பொருத்திய கருவிகளும் இப்போது உள்ளன.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் அளவுகோலைக் கையில் எடுக்கும்போது, கிரேயை நினைத்துக் கொள்ளுங்கள். அளப்பதற்கு முன், அளக்கும் கருவி பொருத்தமானதுதானா என்று பாருங்கள். அந்தச் சின்னக் கவனம், ஓர் உயிரையே காப்பாற்றும்!