கரிகாலனைக் கொன்றது யார்? பதில் சொல்லாமலே போன கல்கியின் கதை!

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சென்ட்ரலில் இருந்து கிளம்பும் திருவள்ளூர் லோக்கலில் ஏறிப் பாருங்கள். வில்லிவாக்கம் தாண்டும்போது கூட்டத்துக்கு நடுவில் யாராவது ஒருத்தர் மொபைலில் 'பொன்னியின் செல்வன்' பி.டி.எஃப். ஓட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கும் ஃப்ரெண்ட் படத்தை மட்டும் பார்த்தவராக இருப்பார். அவ்வளவுதான், கச்சேரி ஆரம்பம். நந்தினி வில்லியா, பாவமா? அவளோட அப்பா யாரு? ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு? அம்பத்தூரில் ஆரம்பிக்கும் சண்டை ஆவடியில் ஒருத்தர் இறங்கும் வரை ஓயாது. மிச்சம் வாட்ஸ்அப்பில் தொடரும்.

வெளிநாட்டு ஃபேன்டஸி தொடர்களுக்குத்தான் இப்படி ஃபேன் தியரி இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் புத்தகம் வெளியானது 1954 ஜூலையில். அதே வருஷம் மே மாதமே நம்ம ஆள் ஐந்து பாகங்களை எழுதி முடித்து, வாசகர்களின் கேள்விக்கணைகளையும் வாங்கிக் கட்டிக்கொண்டுவிட்டார். அந்த ஆள்தான் ரா.கிருஷ்ணமூர்த்தி. நமக்கு, கல்கி.

கொலையாளி யார் என்று அவர் ஏன் நேராகச் சொல்லவில்லை? இதற்குப் பதில் தேட அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். (நாவலை இன்னும் முடிக்காதவர்களுக்கு: ஸ்பாய்லர் உண்டு, ஜாக்கிரதை!)

பரீட்சையை விட்டுவிட்டுப் போன பையன்

மாயவரம் பக்கத்தில் புத்தமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே 1899 செப்டம்பர் 9-ம் தேதி பிறந்தார் கிருஷ்ணமூர்த்தி. அப்பா ராமசாமி ஐயர் ஊர்க் கணக்குப்பிள்ளை. வசதியான குடும்பம் இல்லை. நன்றாகப் படித்து ஒரு வேலையில் உட்கார்ந்தால் வீடு நிமிரும் என்ற நிலை. திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்தும்விட்டார்.

1921. அரசுப் பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் எதுவும் வேண்டாம் என்று காந்தி அழைப்பு விடுத்த ஒத்துழையாமை இயக்கக் காலம். இறுதிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது பையன் படிப்பை விட்டு வெளியே வந்துவிட்டான். பிளஸ் டூ பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி நம்ம வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருஷம் ஒரு வருட ஜெயில் தண்டனை வேறு.

வெளியே வந்த கையோடு 1923-ல் திரு.வி.க. நடத்திய 'நவசக்தி' பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. நல்ல தமிழை எளிமையாக எழுதும் பழக்கம் அங்கேதான் கைவந்தது. சில வருஷங்களில் அதையும் விட்டுவிட்டு, திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்குப் போய் ராஜாஜியோடு 'விமோசனம்' பத்திரிகையில் வேலை பார்த்தார். மதுவிலக்குக்காகவே நடந்த பத்திரிகை அது. நடுவில் மறுபடியும் ஜெயில்.

'கல்கி' என்ற புனைபெயர் எப்படி வந்தது என்பதற்கே ரெண்டு தியரி உண்டு. திரு.வி.கல்யாணசுந்தரத்தின் 'கல்', கிருஷ்ணமூர்த்தியின் 'கி' சேர்ந்து கல்கி என்பது ஒன்று. பழசை அழித்துப் புது யுகம் கொண்டுவரும் கல்கி அவதாரம் என்பது இன்னொன்று. ஆள் பெயரிலேயே சஸ்பென்ஸ்!

நாரதர் போட்ட முதலீடு

எஸ்.எஸ்.வாசனின் 'ஆனந்த விகட'னில் கல்கியின் கொடி பறந்தது 1930-களில். தலையங்கம், நகைச்சுவைக் கட்டுரை, சிறுகதை, 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத, சினிமா விமர்சனம் என ஒரே ஆள் பத்துப் பேர் வேலை பார்த்தார். 1937-ல் 'கள்வனின் காதலி' தொடர் வந்தது. அடுத்து 'தியாகபூமி'. இது இன்றைய சினிமா மார்க்கெட்டிங்கையே மிஞ்சும் விஷயம். கே.சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தபோதே பத்திரிகையில் தொடர் ஓடியது. ஓவியங்களுக்குப் பதில் படத்தின் ஸ்டில்கள்! 1939-ல் வந்த அந்தப் படத்தை பிரிட்டிஷ் அரசு பின்னர் தடை செய்தது.

சம்பளம், புகழ், வாசகர் கூட்டம் எல்லாம் இருந்தது. ஆனால் தனிநபர் சத்தியாகிரகம் வந்தபோது விகடனை விட்டு விலகி மறுபடியும் சிறை. வெளியே வரும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கையில் வேலை இல்லை.

நண்பர் டி.சதாசிவமும் இவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்க முடிவு செய்தார்கள். பணத்துக்கு எங்கே போவது? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் ஆண் வேடம் போட்டு நாரதராக நடித்தார். அந்தச் சம்பளம்தான் முதலீடு. 1941 ஆகஸ்ட்டில் 'கல்கி' வார இதழ் பிறந்தது. நமக்கு வந்தியத்தேவன் கிடைத்ததில் நாரதர் வேடத்துக்கும் பங்கு இருக்கிறது பாஸ்!

செவ்வாயா, வியாழனா... எப்போ வரும் புக்கு?

சொந்தப் பத்திரிகையில் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' என்று பல்லவர் காலத்துக்குப் போனார். நடுவே சுதந்திரப் போராட்ட காலத்தை வைத்து 'அலை ஓசை'. அப்புறம் 1950 அக்டோபரில், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் ஒரு வாலிபனோடு 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. அந்த ஏரிதான் இன்றைய வீராணம். 2004 முதல் குழாய் வழியாக அதன் தண்ணீர் போரூர் நீரேற்று நிலையத்துக்கு வந்து சென்னைக்குப் போகிறது. பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு வந்தியத்தேவன் பார்த்த ஏரி அவ்வளவு தூரம் இல்லை.

மூன்றரை வருஷம், வாராவாரம். வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை. படித்து முடித்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்தார்கள். அந்த பைண்டு வால்யூம்கள் சீர்வரிசை மாதிரி அடுத்த தலைமுறைக்குப் போயின. அருள்மொழி, குந்தவை, வானதி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். திண்ணையில், ஆபீஸில், ரயிலில் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தியரி பேசினார்கள். நம்ம லோக்கல் ட்ரெயின் சண்டைக்கு வயது எழுபதுக்கு மேல்!

கல்கி சும்மா கற்பனையில் அடித்து விடவில்லை. மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கை வரை போய் வந்தார். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு, சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி, அநிருத்தர் எல்லாம் நிஜம். வந்தியத்தேவன்கூட நிஜம்தான். குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் நாவலையே ஆட்டிவைக்கும் நந்தினி? முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. அவளுடைய அப்பா யார் என்று எந்தக் கல்வெட்டிலும் தேட முடியாது.

கொலை வழக்கில் ரெண்டு சாட்சி

சரி, மெயின் கேஸுக்கு வருவோம். கரிகாலன் கொலைக்கு வரலாற்றில் இருக்கும் முக்கியமான சாட்சி காட்டுமன்னார்கோயில் பக்கம் உள்ள உடையார்குடி கல்வெட்டு. ராஜராஜனின் 2-ம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்கள் குடும்பத்தாரின் நிலம் பறிபோனதைச் சொல்கிறது. யார் தூண்டினார்கள், ஏன் கொன்றார்கள் என்று அதில் இல்லை.

இங்கேதான் பெரியவர்களுக்குள்ளேயே ஃபேன் சண்டை. கரிகாலனுக்கும் ராஜராஜனுக்கும் நடுவில் சுமார் 15 வருஷம் ஆண்டவர் உத்தம சோழன். அவர் காலத்தில் வழக்கு ஏன் முடியவில்லை என்று நீலகண்ட சாஸ்திரி அவர் மேல் சந்தேகப்பட்டார். உத்தமர் அப்படிப்பட்டவராக இருந்தால், அவர் மகனுக்கு ராஜராஜன் ஆட்சியில் பொறுப்பான பதவி கிடைத்திருக்குமா என்கிற பக்கம் நின்றார் பண்டாரத்தார். கல்கி ரெண்டையும் படித்தார். கடைசியில் அரியணை ஏறும் உத்தமரை நல்லவராகவே காட்டினார். கொலைப் பழியை ஒரே ஆள் தலையில் கட்டவில்லை. கடம்பூர் மாளிகையின் அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. தான்தான் கொன்றேன் என்று மணிமேகலை சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் சொல்கிறார். ரவிதாசன் கூட்டமும் அங்கே இருக்கிறது. நமக்குத்தான் தூக்கம் போச்சு.

இந்த இடத்தில் கல்கி மேல் விமர்சனமும் உண்டு. கல்வெட்டில் ரவிதாசனுக்கு பிரம்மாதிராஜன் பட்டம் இருக்கிறது. அதாவது, அவர் பெரிய பதவியில் இருந்த பிராமண அதிகாரி. நாவலில் அவன் மந்திரவாதி வேஷம் போடும் பாண்டிய ஆபத்துதவி. உண்மையான குற்றவாளிகளின் அடையாளத்தை மாற்றிவிட்டார் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதுதான். கல்கி ரசிகர்களும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

இன்னொரு சாட்சி நம்ம வெஸ்ட் லைனிலேயே இருக்கிறது. அதே லோக்கலில் ஆவடி, திருவள்ளூர் தாண்டி அரக்கோணம் போகிற வழியில் திருவாலங்காடு. 1905-ல் அங்கே கிடைத்த ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகள், கரிகாலன் மறைவுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கின்றன. மக்கள் அருள்மொழியை ராஜாவாகச் சொல்லிக் கேட்டார்கள். சித்தப்பாவுக்கு அந்த ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவர் ஒதுங்கினார். ஐந்தாம் பாகமான 'தியாக சிகர'த்தின் விதை இந்தச் செய்திதான்.

பரீட்சை, வேலை, புகழ் என ஒவ்வொரு முறையும் கைக்கு வந்ததை விட்டுவிட்டுப் போன ஒருத்தர், கைக்கு வந்த கிரீடத்தை இன்னொருவர் தலையில் வைக்கும் இளவரசனை ஹீரோவாக்கினார். கொலையாளியைக் கண்டுபிடிப்பது அவருக்கு க்ளைமாக்ஸ் இல்லை. விட்டுக்கொடுப்பதுதான் க்ளைமாக்ஸ். இது என்னோட ஃபேன் தியரி. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை!

முடியாத கடைசிக் கதை

1954 மே மாதம் தொடர் முடிந்தது. வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவருக்குக் கல்யாணம் ஆச்சா என்று கேள்வி மேல் கேள்வி. கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுதி, சரித்திரம் சொல்கிற அளவுக்கு ஒவ்வொருவர் கதையையும் சொன்னார். கொலை மர்மத்தை மட்டும் அப்படியே விட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு அதிக நாள் இல்லை. காசநோய் அவர் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. 'அமர தாரா' என்ற அடுத்த தொடரை எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1954 டிசம்பர் 5-ம் தேதி காலமானார். வயது 55. மீதிக் கதையை மகள் ஆனந்தி எழுதி முடித்தார். அடுத்த மாதமே, 1955 ஜனவரியில், அவர் உழைத்த காங்கிரஸ் கட்சியின் புகழ்பெற்ற மாநாடு நம்ம ஆவடியில் நடந்தது. அதைப் பற்றித் தலையங்கம் எழுத அவர் இல்லை. 'அலை ஓசை'க்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது 1956-ல். அதை வாங்கவும் அவர் இல்லை.

கதை மட்டும் நிற்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சி எழுதினார். 1999-ல் நூற்றாண்டு சமயத்தில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. அதனால்தான் இன்று உங்கள் மொபைலில் தைரியமாக டவுன்லோடு செய்து படிக்க முடிகிறது. 2022, 2023-ல் மணிரத்னம் ரெண்டு படமாக எடுத்தார். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள், புக்கில் இப்படி இல்லையே என்று மறுபடி சண்டையைத் தொடங்கினார்கள்.

கல்கி அன்றே கொலையாளியைக் கையைக் காட்டியிருந்தால், அந்தச் சண்டை 1954-லேயே முடிந்திருக்கும். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போனதால்தான் எழுபது வருஷம் கழித்தும் நாம் இருட்டில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை லோக்கலில் சீட் கிடைத்தால், ஆவடியில் இறங்குவதற்குள் ரெண்டு அத்தியாயம் படித்துவிடலாம். ஒரு லீவு நாளில் இறங்காமல் திருவாலங்காடு வரைக்கும் போய்விட்டும் வரலாம். அதுசரி... உங்க தியரி என்ன? நந்தினியா, பழுவேட்டரையரா, ரவிதாசனா?